மோட்டார் ஓடுது, தண்ணி இறங்கல

போன வருஷம் ஆயுத பூஜை முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. வெளியே விட்டு விட்டு மழை. பையனுடைய யூனிஃபார்ம் இரண்டு செட், வீட்டுக்காரரின் ஆபீஸ் சட்டைகள், அத்தையின் நூல் புடவைகள் எல்லாவற்றையும் வாஷிங் மெஷினுக்குள் திணித்து ஓட விட்டுவிட்டுச் சமையலைப் பார்க்கப் போனேன். முக்கால் மணி நேரம் கழித்து பீப், பீப், பீப். துவைத்து முடித்தால் எங்கள் மெஷின் ஒரு சின்னப் பாட்டுப் பாடும். இது பாட்டு இல்லை, ஆளைக் கூப்பிடுகிற சத்தம்.

போய்ப் பார்த்தால் கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் சாம்பல் நிறத் தண்ணீர் அப்படியே நிற்கிறது. யூனிஃபார்ம் டிரவுசரின் ஒரு கால் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கதவு திறக்க மாட்டேன் என்கிறது. உள்ளே தண்ணீர் நிற்கும்வரை முன்பக்கம் கதவு வைத்த மெஷின் பூட்டைத் திறக்காது. அன்றைக்கு எரிச்சலாக இருந்தாலும், அது திறந்திருந்தால் பால்கனி என்னவாகியிருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

டிஸ்பிளேயில் ஒரு கோட் மின்னியது. கம்பெனிக்குக் கம்பெனி இது வேறு. எல்ஜியில் 'ஓஇ' என்று வரும், சாம்சங்கில் '5சி' அல்லது '5இ', போஷில் 'இ18'. சாம்சங் வைத்திருப்பவர்கள் பலர் அந்த 5ஐ 'எஸ்' என்று படித்துவிடுவார்கள், அந்தக் கட்டம்போட்ட எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். எல்லாக் கோடுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: தண்ணீரை வெளியே தள்ளப் பார்த்தேன், முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று மெஷினுக்குத் தெரியாது. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் நான் முதலில் ஃபோனை எடுத்தேன்.

சர்வீஸுக்கு ஃபோன் போட்டால், அந்தப் பக்கம் இருந்த தம்பி கோடைக் கேட்ட அடுத்த நொடியே, "பம்ப் போயிருக்கும் மேடம். பம்ப் மாத்தணும்னா 2,800 ஆகும், விசிட் சார்ஜ் தனி. ஆள் நாலு நாள் கழிச்சு வருவாங்க" என்றார். மெஷினைப் பார்க்கவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை. தலைவலி என்று சொன்னதும் தலையை மாற்றச் சொல்லும் டாக்டர் மாதிரி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, எதிரில் எழுதி வைத்திருப்பதைப் படிக்கிறார். ஆனால் நாலு நாள் அந்த டிரவுசர் தண்ணீரில் ஊறினால் நாற்றத்தை யார் தாங்குவது?

அப்போதுதான் ஹாலில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த அத்தை குரல் கொடுத்தார். "ஏம்மா, அத இன்னொருக்கா ஓட விடு. சத்தத்தக் கேப்போம்."

அத்தைக்கு வாஷிங் மெஷினில் எந்தப் பொத்தான் எதற்கு என்று தெரியாது. ஆனால் துறையூர்ப் பக்கம் கிணற்று மோட்டாரோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவர். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால் எழுந்துபோய் மோட்டார் போட்டது மாமா இல்லை, அத்தைதான். மோட்டார் அறையிலிருந்து வருகிற சத்தத்தைப் படுத்தபடியே கேட்டு, தண்ணீர் ஏறுகிறதா, வெறுமனே ஓடுகிறதா என்று சொல்லிவிடுவாராம்.

ஸ்பின்னில் போட்டேன். அத்தை பால்கனி வாசலில் நின்று காதைச் சாய்த்துக் கேட்டார். "மோட்டார் ஓடுது, தண்ணி எறங்கல. கரண்ட் இருக்கு, மோட்டார் சாவல. முதல்ல புட்வால்வப் பாரு, அப்பறம் ஓஸப் பாரு."

கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடிநுனியில் சல்லடையோடு இருப்பதுதான் புட்வால்வு. சருகு, பாசி, சில நாள் தவளை, எல்லாம் அந்தச் சல்லடையில்தான் வந்து அடையும். அடைந்துவிட்டால் மேலே மோட்டார் எவ்வளவு கத்தினாலும் வாய்க்காலில் சொட்டு விழாது. யோசித்துப் பார்த்தால் வாஷிங் மெஷினின் அடியில் இருக்கிற டிரெயின் பம்பும் அந்தக் கிணற்று பம்பின் சாதிதான்: ஒரு சின்னச் சக்கரம் சுழன்று தண்ணீரை ஓரத்துக்கு விசிறித் தள்ளுகிறது. கிணற்று பம்பு மேட்டில் உட்கார்ந்திருப்பதால் தண்ணீர் ஊற்றிக் காற்றெடுக்க வேண்டும். மெஷினில் பம்பு தொட்டிக்கும் கீழே இருப்பதால் தண்ணீர் தானாக வந்து நிரம்பிவிடும். மற்றபடி சூத்திரம் ஒன்றே.

மெஷினுக்குள் தண்ணீர் போகும் பாதை இதுதான். நாம் துணி போடும் ஓட்டை ஓட்டையான ஸ்டீல் டிரம் தண்ணீரைப் பிடித்து வைப்பதில்லை. அதைச் சுற்றி அசையாத பிளாஸ்டிக் தொட்டி ஒன்று இருக்கிறது. அதன் அடியிலிருந்து மடிப்பு மடிப்பான ஒரு தடித்த ரப்பர் குழாய் ஃபில்டருக்கு வருகிறது. ஃபில்டரை ஒட்டிப் பம்பு. பம்பிலிருந்து நெளிநெளியான சாம்பல் ஓஸ் மெஷினின் முதுகில் மேலே ஏறி, பிறகு கீழே இறங்கிச் சுவர்க் குழாய்க்கோ தரைச் சாக்கடைக்கோ போகிறது. கீழே போகவேண்டிய தண்ணீரை எதற்கு மேலே ஏற்றுகிறார்கள் என்று கேட்டால், ஏற்றாவிட்டால் துவைக்கத் துவைக்கத் தண்ணீர் தானாக உறிஞ்சிக்கொண்டு வெளியே போய்விடும். அதற்காகத்தான் அந்த மேடு. பொதுவாக 60 செ.மீ.க்குக் குறையாமலும் ஒரு மீட்டருக்கு மேல் போகாமலும் வைக்கச் சொல்வார்கள். அதற்கு மேல் தூக்கினால் சின்னப் பம்பு மூச்சு வாங்கும்.

இந்தப் பாதையில் எங்கே நின்றது என்பதைச் சத்தம் பாதி சொல்லிவிடும். ஸ்பின்னில் போட்டதும் மெஷினின் கால்மாட்டில் சுத்தமாகச் சத்தமே இல்லையென்றால் பம்புக்குக் கரண்ட் போகவில்லை, அல்லது காயில் எரிந்திருக்கிறது. அது மெக்கானிக் வேலை. 'ம்ம்ம்ம்' என்று கொசு மாதிரி முனகல் மட்டும் வந்தால் கரண்ட் வருகிறது, ஆனால் சக்கரத்தில் ஏதோ மாட்டியிருக்கிறது. 'சர்ர்ர்' என்று சக்கரம் தாராளமாக ஓடுகிற சத்தம் வந்தும் தண்ணீர் போகவில்லையென்றால், பம்புக்கு முன்னாலோ பின்னாலோ வழி அடைபட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் மூன்றாவது சத்தம். அத்தை சொன்னது அதைத்தான்.

சுவிட்சை அணைத்து பிளக்கையும் உருவினேன், தண்ணீர்க் குழாயையும் மூடினேன். வெந்நீரில் துவைக்கிற பழக்கமிருந்தால் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். 60 டிகிரித் தண்ணீர் கையில் பட்டால் வாஷிங் மெஷின் கவலை மறந்துபோகும். மெஷினின் வலது பக்கக் கீழ் மூலையில் ஒரு சின்னக் கதவு. ஆறு வருஷமாக அது அலங்காரத்துக்கு என்றே நினைத்திருந்தேன். ஒரு ஸ்பூனால் நெம்பினால் திறந்துகொண்டது. உள்ளே உருண்டையான மூடி, பக்கத்தில் விரல் தடிமனில் நுனி அடைத்த சின்னக் குழாய். அந்த மூடியை நேராகத் திறக்கவே கூடாது, தொட்டித் தண்ணீர் மொத்தமும் ஒரே பாய்ச்சலாக வரும். முதலில் சின்னக் குழாயின் அடைப்பை எடுத்து வடிக்க வேண்டும். சில மெஷின்களில் இந்தக் குழாய் இருக்காது. அப்போது உருண்டை மூடியையே கால் சுற்று மட்டும் தளர்த்தி, ஒழுக ஒழுகப் பிடிக்க வேண்டியதுதான்.

பிடிப்பது எதில்? குழாய் தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் இருக்கிறது. வாளி நுழையாது, கிண்ணம் நுழையாது. சமையலறையில் இருக்கிற தட்டையான பாத்திரம் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்துவிட்டேன். கடைசியில் குப்பை அள்ளும் பிளாஸ்டிக் முறம்தான் கைகொடுத்தது. அதன் தட்டையான வாய் குழாய்க்குக் கீழே கச்சிதமாக நுழைகிறது. பிடி, மூடு, வாளியில் ஊற்று, மறுபடி பிடி. மணி அடிக்காத கோயிலில் அபிஷேகம் செய்த மாதிரி அரை மணி நேரம். ஒரு வாளி நிறைந்து இன்னொன்றும் கால்வாசி ஆனது.

பிறகு உருண்டை மூடி. இடப்பக்கம் திருகினால் வரவேண்டும், வரவில்லை. எங்கள் பகுதியில் போர்த் தண்ணீர். பக்கெட்டின் உட்புறத்தில் வெள்ளை வளையம் போடுகிற உப்பு இங்கே மட்டும் சும்மா இருக்குமா? ஈரத்துணியைச் சுற்றிப் பிடித்து, இரண்டு கையாலும் மெல்ல ஆட்டி ஆட்டித் திருகியதில் 'கரக்'கென்று விட்டது.

உள்ளே இருந்ததைப் பழைய பேப்பரில் கொட்டினேன். பழைய ஐந்து ரூபாய் ஒன்று, இரண்டு ரூபாய் ஒன்று, இரண்டும் கறுத்துப்போய். என்னுடைய புடவை ஊக்கு இரண்டு, அதில் ஒன்று வாய் திறந்தபடி. பையனின் சட்டைப் பொத்தான் மூன்று. மொட்டை மாடியில் காய்ந்த துணியோடு எப்படியோ வந்த துடைப்பத்தின் ஈர்க்குச்சி ஒரு விரல் நீளத்துக்கு. கோயிலில் கொடுத்த விபூதிப் பொட்டலத்தின் காகிதம், கூழாகி. இவை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி வைத்த மாதிரி, டவல் நூலும் தலைமுடியும் சோப்புப் பசையும் கலந்த சாம்பல் நிறப் பிண்டம் ஒன்று. நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது, விட்டுவிடுகிறேன்.

ஈர்க்குச்சியும் ஊக்கும் டிரம்மின் ஓட்டைகள் வழியாக நுழைந்துவிடும். காசும் பொத்தானும் கதவோரத்து ரப்பர் வளையத்துக்கும் டிரம்முக்கும் நடுவில் இருக்கிற இடுக்கு வழியாக இறங்கும். குழந்தையின் சாக்ஸ்கூட அந்த வழியாகப் போய்விடும் என்கிறார்கள். காணாமல்போன ஒற்றைச் சாக்ஸ்களில் எத்தனை அங்கே கிடக்கின்றனவோ.

மூடியைக் கழற்றிய ஓட்டைக்குள் டார்ச் அடித்தால் பின்சுவரில் பம்பின் சின்னச் சக்கரம் தெரியும். விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தேன். வழுவழுவென்று சுற்றவில்லை. கொஞ்சம் நகர்ந்து, 'தடக்'கென்று நின்று, அழுத்தினால் மறுபடி நகர்ந்து 'தடக்'. போச்சு, பம்பு ஜாம், 2,800 ரூபாய் என்று வயிற்றில் புளியைக் கரைத்தது. பயப்படத் தேவையில்லை என்று பிற்பாடுதான் தெரிந்தது. இந்தப் பம்புக்குள் இருப்பது நிலைக்காந்தம். காந்தம் இரும்பைப் பிடித்து இழுப்பதால்தான் அந்தத் தடக். சக்கரம் கொஞ்ச தூரம் லொடலொடவென்று ஆடுவதும் வேண்டுமென்றே வைத்ததுதான், மோட்டார் முதலில் தான் கிளம்பி, பிறகு சக்கரத்தை இழுத்துக்கொள்ள. இன்னொரு வேடிக்கை: இந்த வகை மோட்டார் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சுற்றத் தொடங்கும். இன்றைக்கு வலப்பக்கம், அடுத்த முறை இடப்பக்கம். அதனால்தான் சக்கரத்தின் இதழ்கள் வளைந்திருக்காமல் நேராக இருக்கின்றன, எந்தப் பக்கம் சுற்றினாலும் தண்ணீர் வெளியேதான் போகும். அரசியல்வாதிகளுக்கு இந்த வசதி உண்டு என்று தெரியும், பம்புக்கும் உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஆக, தடக்தடக் என்று அசைந்தால் நல்ல பம்பு. அசையவே மறுத்தால் இதழுக்கு நடுவில் முடியோ நூலோ சுற்றியிருக்கும், புருவ முடி பிடுங்கும் இடுக்கியால் இழுத்து எடுக்கலாம்.

ஃபில்டரைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, மரை பிசகாமல் மாட்டி, சோப்பு போடும் தட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் கீழே ஒழுகுகிறதா என்று பார்த்தேன். ஒழுகவில்லை. பிளக்கைச் சொருகி ரின்ஸ் போட்டேன். தண்ணீர் நிறைந்து, சுற்றி, வெளியேயும் போனது. வீட்டுக்காரருக்கு "நானே ரிப்பேர் பண்ணிட்டேன்" என்று மெசேஜ்கூட அனுப்பிவிட்டேன். இரண்டாவது ரின்ஸில் மறுபடி பீப், பீப், பீப்.

அத்தை சீரியலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஓஸப் பாத்தியா?"

பார்க்கவில்லை. ஃபில்டரில் அத்தனை குப்பையைப் பார்த்ததும் திருடன் கிடைத்துவிட்டான் என்று விசாரணையை மூடிவிட்டேன். இந்தத் தப்பை நான் மட்டும் செய்வதாகத் தெரியவில்லை.

7 கிலோ மெஷின் என்றால் துணிக்குத்தான் 7 கிலோ. மெஷினின் எடை 60 கிலோவுக்கு மேல், ஸ்பின்னில் எகிறாமல் இருக்க உள்ளே கான்கிரீட் கட்டியே வைத்திருக்கிறார்கள். காலுக்கடியில் பழைய சாக்கு நுழைத்து, நானும் பையனுமாக இழுத்தோம். பின்னால் எட்டிப் பார்த்தால், சுவருக்கும் மெஷினுக்கும் நடுவில் நசுங்கி, பழைய செருப்பு மடிந்த மாதிரி ஓஸ் மடிந்திருந்தது. மெஷினின் முன்பக்கத்தில் மூன்று நாள் பழைய சந்தனமும் குங்குமமும். அதைப் பார்த்ததும்தான் விஷயம் உறைத்தது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மெஷினை இழுத்துப் போட்டுப் பின்னால் கூட்டித் துடைத்து, இடம் அடைக்கிறதே என்று சுவரோடு ஒட்டித் தள்ளியது நான்தான். பொட்டு வைத்துக் கும்பிட்டதும் நான்தான்.

ஃபில்டர் பாதி அடைத்திருந்தாலும் இத்தனை நாள் எப்படியோ ஓடியிருக்கிறது. ஓஸும் மடிந்ததும் தாங்கவில்லை. ஃபில்டரைச் சுத்தம் செய்ததும் தண்ணீர் மெல்லப் போனது, ஆனால் மெஷினுக்குப் பொறுமை சில நிமிஷங்கள்தான். அதற்குள் தண்ணீர் மட்டம் இறங்காவிட்டால் கையை விரித்துவிடும். மடிப்பை நீவி நேராக்கி, சுவருக்கு ஒரு சாண் இடைவெளி விட்டு நிறுத்தினேன். அன்றைக்குச் சாயங்காலம் யூனிஃபார்ம் ஃபேனுக்குக் கீழே காய்ந்தது.

இந்தப் பெருமையில் கொஞ்ச நாள் அக்கம்பக்கத்து மெஷின்களுக்கெல்லாம் நாடி பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டு அக்கா வைத்திருப்பது இரண்டு தொட்டி செமி ஆட்டோமேட்டிக். அதில் பெரும்பாலும் பம்பே கிடையாது. டிரெயின் குமிழைத் திருப்பினால் உள்ளே ஒரு வார் ரப்பர் அடைப்பானை மேலே தூக்கும், தண்ணீர் தன் எடையில் இறங்கிப் போகும். அவர் மெஷினில் அந்த வார் கொக்கியிலிருந்து கழன்றிருந்தது, அவ்வளவுதான். தண்ணீர் நிற்காமல் ஒழுகிக்கொண்டே இருந்தால் அது நேரெதிர்க் கோளாறு. அந்த ரப்பருக்கு அடியில் பொத்தானோ நூலோ உட்கார்ந்திருக்கும்.

திருச்சியில் தம்பி வாங்கிய மேலே திறக்கிற மெஷினில் வேறு கதை. அந்த வகையிலும் பலவற்றில் பம்பு இல்லை. ஒரு சின்ன மோட்டார் வால்வை இழுத்துத் திறக்கும், தண்ணீர் தானாக இறங்கும். அவன் ஓஸைப் பாத்ரூம் வாசல் கட்டையின் மேல் ஏற்றி உள்ளே விட்டிருந்தான். "அக்கா, புது மெஷினே சரியில்ல" என்று ஃபோன். தள்ளிவிட ஆள் இல்லாத தண்ணீர் மேடு ஏறுமா? ஓஸைத் தரையோடு தரையாக விட்டதும் சரியாகிவிட்டது. முன்பக்கக் கதவு மெஷினுக்கு ஓஸை மேலே தூக்கு என்கிறார்கள், இதற்குக் கீழே போடு என்கிறார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் வீட்டில் செய்தால் வம்பு.

சோப்புத்தூள் விஷயம் ஒன்று பாக்கி. நுரை வந்தால்தான் அழுக்குப் போகும் என்பது அத்தையின் கட்சி. கையால் துவைக்கிற தூளை ஒரு கை கூடவே அள்ளிப் போடுவார். நுரை பாதி காற்று, பம்பு அதைத் தள்ள முடியாமல் திணறும். 'அத்தை, உங்க பாஷைல காத்துப் புடிச்ச பம்புசெட்டு' என்றேன். அன்றிலிருந்து அளவு ஸ்பூன் பயன்படுத்துகிறார். எங்கள் வீட்டில் எந்தத் தத்துவமும் துறையூர் வழியாகத்தான் வரவேண்டும்.

எல்லாவற்றையும் பார்த்த பிறகும் சத்தமே வரவில்லை, அல்லது கருகல் வாடை வருகிறது என்றால் ஆளைக் கூப்பிடுங்கள். வந்தவர் மல்டிமீட்டரைப் பம்பு முனைகளில் வைத்தால் நூற்றுச் சொச்சம் ஓம் காட்ட வேண்டும். எண்ணே வராவிட்டால் காயில் அறுந்துவிட்டது, பம்பு மாற்றத்தான் வேண்டும். வைத்துப் பார்க்காமலே புதுப் பம்பைப் பையிலிருந்து எடுத்தால், "முதல்ல மீட்டர் வச்சுப் பாருங்க தம்பி" என்று தாராளமாகச் சொல்லலாம்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மெஷினை நகர்த்தித் துடைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொட்டு வைப்பதற்கு முன் அந்தச் சின்னக் கதவைத் திறந்து ஃபில்டரைக் கழுவுங்கள், திரும்பத் தள்ளிய பிறகு பின்னால் டார்ச் அடித்து ஓஸைப் பாருங்கள்.